பச்சைப் புள்ளி வைத்த வண்டி

ஜனவரி 8

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். தலை நரைத்த பிறகும் என்ன பொடியன் என்று முகத்தைச் சுளிக்காதே, எனக்கு நீ என்றைக்கும் பொடியன்தான். நீயும் உன் பெண்டாட்டியும் சௌக்கியமா? அவள் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மாமாவுக்குத்தான் பக்கவாதம் இன்னும் சரியாகவில்லை. இடது கையைத் தோள் வரைக்கும் தூக்குகிறார். இடது கால் சும்மா கூடவே வருகிறது, அவ்வளவுதான். அதில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

வாரத்தில் இரண்டு நாள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு வருஷம் விடாமல் செய்தால் கம்பில்லாமல் நடப்பார் என்கிறார் டாக்டர். பஸ்ஸில்தான் போய் வந்தோம். போன மாதம் ஒரு நாள் இவரை ஏற்றுவதற்குள் நேரமாகிவிட்டது. கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏம்மா பஸ்ல கூட்டிட்டு வர்றீங்க?" என்றான். இருபத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து எத்தனை பேரை அதட்டியிருப்பார்! அன்றைக்குத் தலை குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அதனால் கார் வாங்கப் போகிறேன். பழைய கார்தான். தைத்துச் சேர்த்ததும் என் வளையலும் போதும். யார் ஓட்டுவது என்று கேட்பாய். நான்தான். சிரிக்காதே. பதினைந்து நாளாகக் கற்றுக்கொள்கிறேன். சொல்லிக்கொடுக்கிறவர், "அம்மா, இது தையல் மெஷின் இல்ல, இப்படி மிதிக்காதீங்க" என்று கதறுகிறார்.

கடலோரத்தில் பெரிய ஊரில் இருக்கிறாய். பழைய வண்டி பார்க்கிறதே உனக்கு வேலை. உன்னை விட்டு நான் வேறு யாரிடம் போய் நிற்பேன்? நல்லதாக ஒன்று பார்த்து எழுது. உடனே எழுது, உன் வழக்கப்படி ஊறப் போடாதே.

உன் அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. மாமாவின் கை தேறி வருவது சந்தோஷம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அவளுக்கு முதுகுவலி வருவதும் போவதுமாக இருக்கிறது.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். கார் விஷயமாக யோசித்தேன். இந்த ஊர் வண்டி உனக்கு வேண்டாம். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது, வெளியில் பார்க்கப் பளபளவென்று இருக்கும், நம்ப முடியாது. உங்கள் பக்கத்திலேயே ஓடின வண்டியாகப் பார். டாக்டர், வாத்தியார் வைத்திருந்த வண்டி என்றால் நல்லது. கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

அவசரப்படாதே. மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும். "அக்காவுக்கு எழுதியாச்சா?" என்று இவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதியாகிவிட்டது.

தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள பொடியனுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று தெரிந்துகொண்டேன். வேறு எதைத் தெரிந்துகொள்வது, நீ எழுதினது அரைப் பக்கம்! இருபத்தைந்து நாள் யோசித்து அரைப் பக்கம்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "உன் தம்பி நழுவுறான். நாளைக்கு வண்டி கோளாறு பண்ணினா நாம அவனைத் திட்டுவோம்னு பயம்" என்றார். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று உனக்காகச் சண்டை போட்டேன். போட்ட பிறகு எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது, மறைப்பானேன். ஊரில் யார் யாருக்கோ வண்டி பார்த்துக் கொடுக்கிறாய். அக்காவுக்கு என்றால் மட்டும் காற்றில் உப்பு இருக்கிறது.

போகட்டும். இங்கேயே தேடுகிறோம். ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டேன். பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைத் தொட்டேன், தேர்வு அதிகாரி பார்க்கவில்லை. உன் பெண்டாட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் மேல் கோபத்தோடு, அக்கா

மார்ச் 20

அன்புள்ள பொடியனுக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது. உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, முதலில் இதைக் கேள். கார் வாங்கிவிட்டோம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ இங்கே வந்திருந்தாயே, அப்போது மாமா உன்னைச் சீண்டினார், ஞாபகம் இருக்கிறதா? "அங்க போய் அப்படி என்னதாம்பா வேலை பார்க்கிறே?" என்று. நீ ரோஷப்பட்டுக்கொண்டு, "என் கை பட்ட வண்டின்னா டிரைவர் கதவைத் திறந்து பாருங்க மாமா, கீல் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி வெச்சிருப்பேன்" என்றாய். நான் மறக்கவில்லை. நீதான் பார்த்துக் கொடுக்க மாட்டேன் என்றாய், சரி, நீ பார்த்து முடித்த வண்டியை நானே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். பழைய கார் விற்கிற மூன்று இடத்துக்குப் போய் ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறந்து கீலைப் பார்த்தேன். இன்ஜினைப் பார்க்காமல் கீலைப் பார்க்கிற பெண்பிள்ளையை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நாலாவது இடத்தில் ஒரு நீல வண்டி. திறந்தேன். மிளகு அளவுக்குப் பச்சைப் புள்ளி. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உங்கள் ஊரிலிருந்து வந்த வண்டிதான் என்று விற்பவரும் சொன்னார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன், பேரம்கூடப் பேசவில்லை.

கடலோர வண்டி வேண்டாம் என்று நீ எழுதினாய்தான். ஆனால் உன் கை பட்டது என்றால் கணக்கே வேறு அல்லவா? பின் கண்ணாடியில் பாதி கிழிந்த மீன் படம் ஒட்டியிருக்கிறது. உள்ளே கறுப்பு ரப்பர் விரிப்பு, புத்தம் புதுசு. முந்தாநாள் முதல் தடவையாக மலைப்பாதையில் ஓட்டிப் போனேன். பதினான்கு வளைவு. மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, "ஹார்ன் அடி, ஹார்ன் அடி" என்று வழி நெடுக அதட்டிக்கொண்டே வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னை அதட்டினார் பொடியா. அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

நீ எங்கள் கூடவே இருக்கிற மாதிரி இருக்கிறது.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று உன் வீட்டுக்குக் கீழே இருக்கிற மருந்துக்கடைக்குப் போன் செய்தேன் அல்லவா, சரியாகப் பேச முடியவில்லை. ஆபீஸில் ஆட்கள் இருந்தார்கள்.

வண்டியைக் கொஞ்ச நாள் எடுக்க வேண்டாம். முக்கியமாக மலைப்பாதை வேண்டாம். நான் வந்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள். டயர் மாற்ற வேண்டி வந்தாலும் பக்கவாட்டில் நடுவில் ஜாக்கி வைக்கக் கூடாது.

பயப்பட ஒன்றும் இல்லை. எதற்கும் சொல்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 12

பொடியனுக்கு,

சௌக்கியம், சௌக்கியம். அதைத்தானே போனிலும் கேட்டாய். மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து கூப்பிட்டார், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடினேன். நீ மூன்று நிமிஷம், "அப்புறம்... வெயில் அதிகமா?... அப்புறம்..." என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இப்போது இந்தக் கடிதம். எடுக்க வேண்டாம், எதற்கும் சொல்கிறேன். எதற்கு?

மாமாவிடம் நான் காட்டவில்லை. காட்டினால், "சொல்லாம வாங்கிட்டோம்னு உன் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பஸ்ஸில் போ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! அந்தக் கண்டக்டரிடம் மறுபடி அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கச் சொல்கிறாயா? அவர் இப்போது கம்பைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடக்கிறார். பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு நாள்கூட விடக் கூடாது என்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன திங்கட்கிழமை மழையில் வந்தோம். வீட்டில் வந்து மாமாவின் செருப்பைக் கழற்றினால் இடது கால் தொப்பலாக நனைந்திருந்தது. அவருக்கு அந்தக் காலில் ஈரம் தெரியாது, அதனால் சொல்லவில்லை. கதவு சரியாக மூடவில்லையோ? நீதான் வண்டி தெரிந்தவன். காரணத்தை எழுது. காரணம் இல்லாவிட்டால் சும்மா இரு.

அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உங்கள் நலத்தைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பு இல்லை. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை இவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "முடிச்சு ஒட்டிக் கொடுங்க, நானே போய்த் தபால்ல போடறேன்" என்கிறாள்.

வண்டியை எடுக்காதே. இன்றோடு நிறுத்திவிடு.

நான் வண்டியைச் சோதித்துப் பார்க்கிறவன் இல்லை. அப்படி நான் சொன்னதில்லை, நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள், எனக்கு அது பெருமையாக இருந்ததால் இல்லை என்று சொல்லவும் இல்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன். கடல் காற்றில் நாலைந்து வருஷம் நின்ற வண்டிக்கு அடித்தகடு உப்பில் அரித்துவிடும். தொட்டால் உதிரும். அந்த ஓட்டையில் பேப்பரை அடைத்து, கம்பிவலை வைத்து, பட்டிப் பசை பூசி, மேலே கறுப்புத் தார் அடிப்பேன். உள்ளே புது ரப்பர் விரிப்பு. குனிந்து பார்க்கிறவன் இரும்பு என்று நினைத்துக்கொண்டு போவான். பச்சைப் புள்ளி எதற்குத் தெரியுமா? இது பூசின வண்டி, வாங்க வந்தவன் முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடாதே என்று எங்கள் ஆட்களுக்கு அடையாளம். மாமா கேட்டபோது அந்த ஒன்றைத்தான் பெருமையாகச் சொல்ல எனக்கு இருந்தது.

உன் நீல வண்டி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டி ஏற்றின வண்டி. உப்புத் தண்ணீர் உள்ளேயே வழிந்திருந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை வைத்தேன், கை தரைக்குப் போய்விட்டது. சீட்டைப் பிடித்திருக்கிற நாலு போல்ட்டில் இரண்டு என் பட்டியில்தான் நிற்கின்றன. பிரேக் குழாயும் அந்த வழியாகத்தான் போகிறது. அதுவும் அரித்திருந்தது. அதன் மேலும் தார் அடித்தேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். போனில் சௌக்கியமா என்று நான் கேட்டதும் நீ, "பொடியா, வண்டி பறக்குதுடா" என்றாய். வெயிலைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு. நஷ்டத்தில் பாதியாவது நான் தருகிறேன். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, ஆனால் ஒரு வரி எழுது.

தம்பி

ஜூன் 6

தம்பிக்கு,

இருவரும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்று நீ கேட்பாய், அதற்காகச் சொன்னேன்.

உன் போனுக்கும் உன் கடைசிக் கடிதத்துக்கும் நடுவில் ஒன்பது தடவை அந்த மலை ஏறி இறங்கினோம். மாமா எண்ணிச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா.

உன் கடிதம் வந்த மறுநாள் இங்கே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து பேப்பர் வந்தது. உங்கள் ஊர்ப் பேப்பர், மணமகள் தேவை பக்கம். இரும்புக் கடையில் கேட்டால், மூன்று மாதப் பயிற்சிக்குக்கூடக் காணாத தொகை சொன்னார்கள். வண்டியும் போய், வளையலும் போய், பயிற்சியும் நின்றுவிட்டால் இவர் அந்தக் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான். நான் இரண்டு வாரம் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பிறகு அந்த மெக்கானிக்தான் சொன்னார், "நானே பழையபடி மூடிக் குடுத்துடறேம்மா. யாருக்கும் தெரியாது." சரி என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விற்றுவிட்டோம்.

வாங்கினவர் பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் கொண்டுபோய் விற்கிறவர். பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார், அவளுக்கு ஆறு மாதம் இருக்கும். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "நல்ல வண்டியா இருக்கே, ஏன் குடுக்கறீங்க?" என்று அவர் கேட்டார். "இவருக்குக் குணமாயிடுச்சு, இனிமே தேவையில்லை" என்றேன். வாய் குழறாமல் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். எதையும் பிடிக்காமல் ஆறடி நடந்து காட்டினார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவ்வளவு தூரம் அவர் தனியாக நடந்ததே இல்லை. குழந்தை ஒன்று இரண்டு என்று எண்ணிக் கைதட்டியது. நான் ஒரு வருஷமாக எந்த நாளுக்காகக் காத்திருந்தேனோ அந்த நாள் இப்படி வந்தது.

அவர்கள் போன பிறகு இவர் உட்கார்ந்தவர்தான். அன்றிலிருந்து பயிற்சிக்கு வர மாட்டேன் என்கிறார். எதற்காக விற்றேனோ அதுவும் இல்லை.

உன் பணம் வேண்டாம். ஒன்று மட்டும் எழுது. இத்தனை வருஷமாக நீ எப்படித் தூங்குகிறாய்?

அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை எப்படியாவது பயிற்சிக்கு அனுப்பு, உன் காலில் விழுகிறேன்.

அவர்கள் விலாசத்தை எனக்கு அனுப்பு. வண்டிப் பத்திரத்தில் இருக்கும். உன் பெயர் வராது. நான் போய்ச் சொல்கிறேன், எல்லாம் என் வேலை என்று சொல்கிறேன். அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். அக்கா, நீ விற்றது பிரேக் குழாய்க்கு மேல் தார் பூசின வண்டி. மெக்கானிக் அதை மாற்றினாரா? மாற்றினார் என்றால் அதையாவது எழுது.

உடனே எழுது.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றே தெரியவில்லை. ஐந்து வாரமாகிறது. மருந்துக்கடைக்கு இரண்டு தடவை போன் செய்தேன். நீ வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னாயாம். அவர் நல்ல மனிதர், சொல்லச் சொன்னார்கள் என்றே சொல்லிவிட்டார்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், பொய் இல்லாமல்.

முதல் வண்டி பூசினபோது மூன்று மாதம் தூக்கம் இல்லை. அந்த நிறத்தில் எந்த வண்டியைப் பார்த்தாலும் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிறகு இரண்டாவது வந்தது. இரண்டாவதை நினைத்ததில் முதலாவது கொஞ்சம் மறந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று, நாலு. எதை என்று நினைப்பது? அப்படித்தான் அக்கா தூங்கினேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இவள் என்னோடு பேசி ஒரு மாதமாகிறது.

ஆனால் உனக்கு அடுத்த வண்டி வராது. உனக்கு இந்த ஒன்றுதான். அந்தக் குழந்தையின் முகத்தை மறக்கடிக்க உனக்கு வேறு முகம் கிடைக்காது. என் வழியில் உன்னால் தூங்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன். விலாசத்தை எனக்குக் கொடுக்காவிட்டால் போகிறது. நீயே போ.

தம்பி

ஆகஸ்ட் 3

பொடியா,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சட்டையை எடு" என்றார். வண்டி வாங்கினவர் ஊருக்குப் பஸ்ஸில்தான் வந்தோம். அந்தக் கண்டக்டர் இல்லை, வேறு ஒருவர். ஏறுவதற்கு நேரமானது, யாரோ ஏதோ சொன்னார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மணி நேரப் பயணம். என்ன சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் தையல் மெஷினை விற்றுவிடலாம் என்றார் இவர். சரி என்றேன். பிரேக் குழாயை மெக்கானிக் மாற்றவில்லை. கேட்டாயே, அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா, "ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிட்டாங்களே, புதுசா வண்டி வாங்கியிருக்காங்க, குழந்தை கடலைப் பார்க்கணும்னு ஒரே அடம். இன்னிக்கு மூணு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க" என்றாள். உட்கார நாற்காலி போட்டாள், எழுதத் தாள் கொடுத்தாள். நீங்க சொந்தமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இவர் உட்காரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நிற்கிறார். கால் நடுங்குகிறது. உட்காருங்கள் என்றால், "அவங்க வந்துடட்டும்" என்கிறார். பேச எங்களுக்குள் ஒன்றும் இல்லை, அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலுக்குப் போக அவர்களுக்கும் அந்த மலைப்பாதை ஒன்றுதான் வழியாம். இப்போதுதான் கேட்டேன்.

இரண்டு வண்டி வந்தது. ஒன்று வெள்ளை. ஒன்று நீலம், ஆனால் அது இல்லை.

மணி ஐந்தரை ஆகிறது.